சபாநாயகரின் சான்று இல்லாத சட்டம்

இலங்கையில் இலஞ்சமும் பொறுப்புக்கூறலும்: வரலாற்றுத் தொடர் – 7

1964 மே 5ஆம் திகதி. லண்டன் டவுனிங் வீதியில் கூடிய கோமறைக் கழகம், அதாவது பிரிவி கவுன்சில், இலங்கையிலிருந்து வந்த மேன்முறையீடு ஒன்றைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீடு செய்தவர் இலஞ்ச ஆணையாளர். எதிராளி ரணசிங்க என்பவர். இலஞ்சக் குற்றத்துக்காகச் சிறையும் தண்டமும் விதிக்கப்பட்டு, பிறகு கொழும்பு உயர் நீதிமன்றத்தில் விடுபட்டவர். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது லண்டனில் பேச்சுக்கே வரவில்லை. நீதிபதிகள் பார்த்தது ஒரு சட்டமூலத்தின் மூலப் பிரதியை. அதில் சபாநாயகர் கையொப்பமிட்டு எழுதியிருக்க வேண்டிய சான்று ஒன்று இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த இலஞ்ச நியாயசபைகளுக்கு ஒருவரைத் தண்டிக்கும் அதிகாரமே கிடையாது என்று தீர்ந்தது.

இலஞ்சத்தை ஒழிக்கப் புறப்பட்ட பாராளுமன்றமே அரசியலமைப்பை மீறிவிட்டது என்று ஏழு கடல் தாண்டி இருந்த நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று பார்க்க, சுதந்திரத்துக்கு முன்னே போகவேண்டும்.

1943இல் எல்.எம்.டி. டி சில்வாவின் விசாரணை ஆணைக்குழு அறிக்கை வெளிவந்தபோது அரசாங்க சபை ஆடிப்போனது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்கில் தெரிவான சபை அது. அதன் உறுப்பினர்கள் சிலர் இலஞ்சம் வாங்கினார்கள் என்று அறிக்கை பெயர் சொல்லிக் கூறியது. அந்தப் பெயர்களில் ஒன்று திருகோணமலை – மட்டக்களப்பு உறுப்பினர் ஈ.ஆர். தம்பிமுத்துவினுடையது. அவர் பதவியை இழந்தார்; இடைத்தேர்தலில் வ. நல்லையா வந்தார். ‘அவங்கட ஆட்சி, அவங்கட களவு’ என்று வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். 1943ஆம் ஆண்டின் பட்டியல் அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. அதே ஆண்டில் பொதுச் சபைகளில் ஊழலைத் தடுப்பதற்கென்று 49ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அறிக்கை வந்தால் சட்டம் வரும் என்ற வழக்கம் அங்கே தொடங்குகிறது.

அடுத்தது கொழும்பு மாநகர சபை. மேயரை அந்நாளில் நகரவாசிகள் நேரடியாகத் தெரிவு செய்யவில்லை. உறுப்பினர்கள் தமக்குள் வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். ஒரு சில கைகளே தீர்மானிக்கும் இடத்தில் ஒவ்வொரு கைக்கும் விலை பேசலாம் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே விசாரணை ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் மாநகர சபை உறுப்பினர்களின் இலஞ்சத்தை விசாரிக்க எம்.டபிள்யூ.எச். டி சில்வா நியமிக்கப்பட்டார். அவருடைய விசாரணையை நிறுத்தக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. விசாரணை நிற்கவில்லை. 1949இல் அந்த ஆணைக்குழுவுக்கென்றே 32ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வரி கட்டியவர்களுக்குப் புதிய நாடு காட்டிய முதல் காட்சிகளில் இதுவும் ஒன்று.

இந்த எம்.டபிள்யூ.எச். டி சில்வாவின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் வருவார்.

1954இல் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் வந்தது. ஆசியாவில் அக்காலத்தில் பலரும் இதே திசையில்தான் நடந்தார்கள். சிங்கப்பூர் தன் ஊழல் விசாரணைப் பணியகத்தை 1952இல் அமைத்தது. ஹொங்கொங் 1974 வரை பொறுத்திருந்தது; பொலிஸ் உயரதிகாரி பீட்டர் கோட்பர் விமானம் ஏறித் தப்பியபின்தான் அங்கே சுயாதீன ஆணைக்குழு வந்தது. ஆக, சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை இலங்கை பின்தங்கி இருக்கவில்லை. பல நாடுகளுக்கு முந்திக்கொண்டது என்றே சொல்லலாம்.

1956இல் பண்டாரநாயக்க வந்தார். அவருடைய நீதி அமைச்சர் மூதவை உறுப்பினரான எம்.டபிள்யூ.எச். டி சில்வா. மாநகர சபையை விசாரித்த அதே மனிதர். இலஞ்சக்காரர் எப்படி நழுவுவார்கள் என்பதை நேரில் கண்டவர். அவர் அமைச்சராக இருந்த 1958இல் இலஞ்சச் சட்டம் திருத்தப்பட்டது. குற்றம் சாட்டுவதற்கு இலஞ்ச ஆணையாளர் என்றொரு பதவியும், விசாரித்துத் தண்டிப்பதற்கு இலஞ்ச நியாயசபைகளும் தோன்றின. பதினைந்து பேருக்கு மேற்படாத ஒரு குழாம். அதிலிருந்து மூன்று பேர் எடுத்து ஒரு சபை. குழாத்தில் யார் இருப்பது என்பதை மகாதேசாதிபதி, நீதி அமைச்சரின் ஆலோசனைப்படி தீர்மானிப்பார்.

முடிச்சு அந்தக் கடைசி வரியில் இருந்தது.

அன்று நடைமுறையில் இருந்தது சோல்பரி அரசியலமைப்பு. அதன் 55ஆம் பிரிவுப்படி நீதித்துறை அலுவலர்களை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழுவின் வேலை. அமைச்சருக்கு அதில் கை வைக்க இடமில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சபையின் உறுப்பினர் நீதித்துறை அலுவலர் இல்லையென்றால் வேறு யார்? இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதற்குப் பிரதிநிதிகள் சபையின் முழு எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சமுகமளித்தோரில் அல்ல, முழு எண்ணிக்கையில். அப்போது சபையில் 101 பேர். ஆகவே 68 கைகள். பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 1956இல் வென்றது, தேர்தல் நடந்த 95 ஆசனங்களில் 51. அந்த 68 பேர் வாக்களித்தார்கள் என்று சபாநாயகர் சட்டமூலத்திலேயே சான்றெழுதி ஒப்பமிடவும் வேண்டும். 1958ஆம் ஆண்டுத் திருத்தம் சாதாரணச் சட்டத்தைப் போல நிறைவேறியது. சான்று இல்லை.

கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. வழமையான நீதிமன்றம் தாமதிக்கும், அப்புக்காத்துமார் வாதத்தை இழுப்பார்கள், அதற்குள் சாட்சி மாறிவிடும் என்ற அலுப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் குறுக்குவழியில் கட்டிய சபை, புதுக்கடை நீதிமன்றத்தில் முதல் தடவை தட்டிப் பார்த்தபோதே அசைந்தது. ரணசிங்கவின் தண்டனையைக் கொழும்பு உயர் நீதிமன்றம் நீக்கியது. இலஞ்ச ஆணையாளர் லண்டனுக்குப் போனார். பியர்ஸ் பிரபு வாசித்த தீர்ப்பு கொழும்பின் முடிவையே உறுதி செய்தது. பாராளுமன்றம் இறைமை உடையதாக இருக்கலாம். ஆனால் சட்டம் செய்யும் முறையை அரசியலமைப்பு விதித்திருக்கும்போது, வெறும் பெரும்பான்மையைக் காட்டி அந்த முறையைத் தாண்டிப்போக முடியாது. அரசாங்க அச்சகம் சட்டத்தை அழகாக அச்சிட்டு வெளியிட்டிருந்தாலும், மூலப் பிரதியில் சான்று இல்லையென்றால் இல்லைதான்.

இந்தத் தீர்ப்பைத் தமிழர் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 55ஆம் பிரிவைப் பற்றிப் பேசும்போது நீதிபதிகள் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவையும் தொட்டுச் சென்றார்கள். எந்த ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ பாதகமாகவும், மற்றவர்களுக்கு இல்லாத சலுகை தந்தும் சட்டம் செய்யக்கூடாது என்ற காப்பு அது. இலங்கையின் சமூகங்கள் தமக்குள் கண்ட உடன்பாட்டின் அடிப்படையே அதுதான் என்ற பொருளில் எழுதினார்கள். வழக்கைத் தீர்க்க அந்த வரிகள் தேவைப்பட்டிருக்கவில்லை. ஆனாலும், ஓர் இலஞ்ச வழக்கின் ஓரத்தில் எழுதப்பட்ட அந்தப் பந்தி, பிறகு வந்த தமிழ்ச் சட்டத்தரணிகளின் கையில் மிகக் கூரிய ஆயுதமானது.

அதை யாருக்கு எதிராகப் பயன்படுத்துவது என்பதில் வெள்ளவத்தைக்குச் சந்தேகம் இருக்கவில்லை. காலையில் கடற்கரை ஓரமாகக் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறிய அரசாங்க எழுதுவினைஞர்களில் கணிசமானோர் தமிழர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப்பின், சிங்களப் பரீட்சையில் தேறாதவருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய செல்லையா கோடீஸ்வரன் தனக்கு மறுக்கப்பட்ட ஏற்றத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். அதே 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர், மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்த்தார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்துக்குள் போகாமலே, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று சொல்லித் தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. கொழும்பு பதில் சொல்லவேயில்லை. 1971இல் லண்டனுக்குப் போகும் வழி மூடப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. நீதித்துறை அலுவலர்களின் நியமனமும் அமைச்சரவையின் கைக்குப் போனது. 1964இல் எந்த இரண்டு சுவர்களைக் காட்டிக் கோமறைக் கழகம் பேசியதோ, அந்த இரண்டும் எட்டு ஆண்டுகளில் இடிந்தன. இலஞ்ச ஒழிப்பையும் தமிழர் உரிமையையும் வேறு வேறு அலுமாரியில் வைத்துப் படிப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

இனி கல்முனைக்கு.

1959 செப்டெம்பரில், பண்டாரநாயக்க சுடப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், பாராளுமன்ற உறுப்பினர்களின் இலஞ்சத்தை விசாரிக்க தல்கொடபிட்டிய தலைமையில் மூவர் ஆணைக்குழு அமைந்தது. 1960 இறுதியில் அறிக்கை வந்தது. குற்றம் காணப்பட்டவர்களில் ஒருவர் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியில் கல்முனையை வென்றவர். 1956இல் தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் மறுபடி வென்று, பிறகு பக்கம் மாறியவர். அறிக்கையோடு அவருடைய அரசியல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1965 பொதுத் தேர்தலில் கல்முனை மக்கள் அவரை மீண்டும் அனுப்பினார்கள்.

நீதிமன்றத்தின் கண்ணால் வாக்காளர் வேட்பாளரைப் பார்ப்பதில்லை. வட கொழும்பு இதை 1932இலேயே காட்டிவிட்டது. டாக்டர் ரட்ணஜோதி சரவணமுத்து தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்தார். இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து நின்றார், வென்றார், அரசாங்க சபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் ஆனார். கணவரும் சும்மா இருக்கவில்லை, 1937இல் கொழும்பின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயர். தேர்தலே பொறுப்புக்கூறல், மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வோர் இவ்விரண்டு தொகுதிகளையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

மக்கள் பார்த்துக்கொள்ளாததைப் பாராளுமன்றம் பார்த்துக்கொண்டது. அறிக்கை வந்து ஐந்து ஆண்டு கழித்து, ஆட்சி மாறியபின், 1965இன் 14ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அட்டவணையில் பெயருள்ளவர்களுக்கு ஏழாண்டு குடியியல் உரிமை இல்லை. வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. உறுப்பினராக இருந்தால் ஆசனம் வெறிதாகும். காரியப்பர் பிரதிநிதிகள் சபையின் செயலாளர் சாம் விஜேசிங்கவுக்கு எதிராக வழக்கு வைத்தார். என்னை உறுப்பினராக ஏற்க வேண்டும், என் சம்பளத்தைத் தர வேண்டும் என்பது கோரிக்கை. சாட்சியைக் கேட்டுத் தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, பெயர் குறித்துச் சட்டம் போட்டுத் தண்டிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது வாதம். அந்த வாதத்துக்குத் துணையும் இருந்தது. 1962ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில், குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே செய்த சட்டங்களை 1965 டிசம்பரில் கோமறைக் கழகம் செல்லாதவையாக்கி, தண்டனை பெற்ற அதிகாரிகளை விடுவித்திருந்தது.

1967இல் காரியப்பர் தோற்றார். இது தண்டனையல்ல, பாராளுமன்றம் தன் வீட்டைச் சுத்தம் செய்துகொள்வது என்ற போக்கில் லண்டன் தீர்ப்பு அமைந்தது. அதோடு இந்தச் சட்டம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியிருந்தது. சபாநாயகரின் சான்றும் இருந்தது.

ரணசிங்க வழக்கிலிருந்து பாராளுமன்றம் எதைப் படித்துக்கொண்டது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. தண்டிப்பவரை அமைச்சர் நியமிக்கக்கூடாது என்ற கொள்கையைப் படிக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு கைகளை எண்ணி, சான்றில் ஒப்பம் வாங்கிவிட்டால் எதையும் செய்யலாம் என்பதைப் படித்துக்கொண்டது.

பிறகு அந்தப் பாடம் வெகுதூரம் போனது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவுக்குக் கிடைத்தது 168இல் 140 ஆசனம். 1978இல் விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவை விசாரிப்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை செய்தபோது, அரசாங்கம் அரசியலமைப்பையே திருத்தி அந்தத் தடையை விலக்கிவிட்டது. அன்று புதிதாக வந்திருந்த 1978 அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அதுதான். 1980 ஒக்டோபர் 16ஆம் திகதி பாராளுமன்றம் அவருடைய குடியியல் உரிமையை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. அதே ஏழு. அவசரகாலச் சட்டத்தையும் தேர்தல் ஒத்திவைப்பையும் பற்றிய குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பிரதான எதிராளியைத் தேர்தல் களத்திலிருந்து அகற்றியதை யாரும் ஊழல் ஒழிப்பு என்று நம்பவில்லை. ஊழலுக்கெதிரான கருவி அரசியல் கணக்குத் தீர்க்கும் கருவி என்ற பெயரை அப்போது வாங்கிக்கொண்டது. இன்றுவரை கைதாகும் ஒவ்வொரு அரசியல்வாதியும் புதுக்கடைப் படியில் நின்று ‘பழிவாங்கல்’ என்று சொல்ல முடிவதற்கு 1980 ஒரு காரணம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1994இன் 19ஆம் இலக்கச் சட்டம் நிரந்தரமான இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவைத் தந்தது. முறைப்பாடு வந்தால்தான் அது அசைய முடியும். 2001இல் 17ஆவது திருத்தம், நியமனங்களை வடிகட்ட அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 1964இல் லண்டனில் சொன்னது ஒருவழியாக வீடு வந்து சேர்ந்த தருணம் அது. 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் அதை இல்லாமற் செய்தது. கை உயர்த்தியவர்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அம்பாறை உறுப்பினர் ஒருவரும் இருந்தார். அந்த ஆண்டு பதவிக்காலம் முடிந்த இலஞ்ச ஆணைக்குழு, ஓராண்டுக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமலே கிடந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. 2015இல் 19ஆவது திருத்தம் பேரவையை மீட்டது. 2020 ஒக்டோபரில் 156 வாக்குகளால் 20ஆவது திருத்தம் மறுபடி பறித்தது. 2022இல் காலிமுகத்திடல் நிரம்பி, கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போனபின், ஒக்டோபர் 21ஆம் திகதி 179 வாக்குகளால் 21ஆவது திருத்தம் திரும்பவும் கொண்டுவந்தது. இந்தக் கட்டலும் இடித்தலும் எல்லாமே சபாநாயகர் சான்றோடு நடந்தவை.

பேரவை இருந்த காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவருக்கு ஒரு திகதி சொல்லலாம். 2018 டிசம்பர் 13. மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்த நாள். அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் இரா. சம்பந்தனின் பெயரில் இருக்கிறது. 2023 நவம்பர் 14ஆம் திகதி இன்னொரு தீர்ப்பு வந்தது: பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கி, திறைசேரி உயரதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐவரில் நால்வர் சொன்னார்கள். வழக்கு வைத்தவர்களில் ஒருவர் முன்னாள் ஒலிம்பிக் நீச்சல் வீரர். தண்டனை எதுவும் இல்லை, வழக்குச் செலவு மட்டுமே.

1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை நீக்கி, அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் அமுலுக்கு வந்தது. ஆணைக்குழு இனி முறைப்பாட்டுக்குக் காத்திராமல் தானாகவே விசாரிக்கலாம். அதன் மூன்று உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிப்பது அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரைப்படி. 2025 மே மாதம், 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் சதொச வழியாக இறக்குமதி செய்த 14,000 கரம் பலகைகள் தொடர்பான வழக்கில், முன்னாள் அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டும் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

அரசியலமைப்புப் பேரவை நிலைப்பது இன்னமும் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. அதை மீண்டும் மாற்ற 150 வாக்குகள் வேண்டும். 2024 நவம்பர் தேர்தலில் ஆளுந்தரப்பு பெற்ற ஆசனங்கள் 159.

(தொடரும்)